கிருஷ்ணராசா வீட்டில் இல்லை

ஒவியேடோ, ஸ்பெயின்
2 நவம்பர் 2019

அப்பா,

உங்கள் போனில் என் நம்பரைத் தடுத்துவிட்டீர்கள். அம்மாவிடம் சொல்லிவிடச் சொன்னால், "நான் என்ன உங்கள் ரெண்டு பேருக்கும் போஸ்ட்காரியே? வேணுமெண்டா எழுதி அனுப்பு" என்று போனை வைத்துவிட்டா. ஆகவே எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு எட்டு வருடம் என்னை இழுத்துக்கொண்டு போனது நீங்கள்தான். பலனை அனுபவியுங்கள்.

நான் நன்றாக இருக்கிறேன். ஒரு வீட்டில் நாலு ஆட்டக்காரிகள். சமையலறையில் ஒரே ஒரு சட்டி. இது இரண்டாம் பிரிவு லீக். மழை பெய்தால் அரங்கத்தின் கூரை ஒழுகும். வாளியை வைத்துவிட்டு அதைச் சுற்றி ஓடிப் பயிற்சி செய்கிறோம். ஆனாலும் இது தொழில். கூடைப்பந்து ஆடுவதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். எங்கள் ஆட்களில் வேறு எந்தப் பெண்ணுக்கும் அப்படித் தருவதாக நான் கேள்விப்படவில்லை.

நீங்கள் விமான நிலையத்துக்கு வரவில்லை. பார்மசி படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டது பிழை என்றால் பிழை. ஆனால் அன்று நீங்கள் கத்தியது படிப்பைப் பற்றி அல்ல. "உன்ர படம் பேப்பரில வரக்கூடாது, பேர் ஒரு இடத்திலயும் வரக்கூடாது" என்றுதான் கத்தினீர்கள். எனக்கு விளங்கியது. காற்சட்டையோடு ஓடும் மகளை லண்டனில் எங்கள் குட்மேய்ஸ் ஆட்கள் பார்க்கக்கூடாது. கலியாணவீட்டில் நாலு பேர் உங்களைக் கேட்கக்கூடாது. இருபது வருடம் இந்த நாடுகளில் இருந்தும் அந்த நாலு பேருக்குத்தான் பயம்.

முதல் ஆட்டத்தில் நாலு நிமிடம் ஆடினேன். இரண்டு பந்தைப் பறிகொடுத்தேன், ஒன்றைப் பறித்தேன். முதுகில் கடைசிப் பெயரைத்தான் போடுவார்களாம். அதனால் கிருஷ்ணராசா என்று ஒரு தோளிலிருந்து மறு தோள் வரை எழுதியிருக்கிறது. எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, பின்னால் வருவது அப்பாவின் பெயர் என்று பயிற்சியாளருக்கு விளக்கினேன். "அப்படியானால் உள்ளே இறங்கியது உன் அப்பாவா?" என்று சிரித்தார்.

அவருக்கு உங்களைத் தெரியாது.

சாருஜா

*

குட்மேய்ஸ்
24 நவம்பர் 2019

அன்புள்ள மகள் சாருஜாவுக்கு,

கடிதம் கிடைத்தது. போனில் கதைக்க மாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை.

பல்கலைக்கழகத்தில் உன் இடத்தை ஒரு வருடம் வைத்திருப்பார்களாம். கேட்டுப் பார்த்தேன்.

சட்டையில் இருக்கும் அந்தப் பெயரை எடுக்கச் சொல். உன் பெயரைப் போடலாம். அல்லது எண் மட்டும் போதும். இது நான் உன்னிடம் கேட்கும் ஒரே ஒரு விசயம். காரணம் கேட்காதே.

சட்டி ஒன்று அனுப்புகிறேன்.

அப்பா

*

ஒவியேடோ
11 ஏப்ரல் 2020

அப்பா,

சட்டையைப் பற்றி இப்போது பேச வேண்டாம். கொரோனாவால் லீக்கை நிறுத்திவிட்டார்கள். நாலு பேரும் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கிறோம்.

உங்கள் கராஜில் இரண்டு டிரைவர்கள் செத்துப்போனார்கள் என்று அம்மா சொன்னா. ஒருவர் உங்களுக்கு முந்திய ஷிப்டில் அதே பஸ்ஸை ஓட்டியவராம். வியாழக்கிழமைகளில் எல்லாரும் வாசலில் நின்று உங்களைப் போன்ற ஊழியர்களுக்குக் கைதட்டுகிறார்களாம். கைதட்டுகிறவன் தட்டி முடித்து வீட்டுக்குள் போய்விடுவான். நீங்கள் ஸ்ட்ராட்ஃபோர்டுக்கும் ரொம்ஃபோர்டுக்கும் இடையில் அந்த 86ஆம் இலக்க பஸ்ஸை ஓட்டுவீர்கள், முகத்துக்கு முன்னால் ஓட்டை போட்ட ஒரு கண்ணாடித் தட்டியோடு. அந்த ஓட்டையை அடைக்கக்கூட ஒருவனுக்கும் அக்கறை இல்லை. செத்தவர்களின் பெயர்களைப் பார்த்தீர்களா? எல்லாம் எங்களைப் போன்ற பெயர்கள்.

லீவு போடுங்கள். சண்டை போடுங்கள். யூனியனில் எழுந்து நின்று கத்துங்கள். என்னோடு கத்தத் தெரிகிறதுதானே.

சாருஜா

*

குட்மேய்ஸ்
20 ஏப்ரல் 2020

சாரு,

ஓட்டையை நான் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டி மூடிவிட்டேன். லீவு போட்டால் கேள்வி வரும். கத்தினால் இன்னும் கேள்வி வரும். கேள்வி வராமல் இருப்பதுதான் என் வேலை, பஸ் ஓட்டுவது அதற்குப் பிறகு.

நீ வீட்டுக்குள்ளேயே இரு. படிகளில் ஏறி இறங்கு, இல்லாவிட்டால் கால் விறைத்துப் போகும்.

அப்பா

*

பொலோனியா, இத்தாலி
13 பெப்ரவரி 2022

அப்பா,

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு வாசியுங்கள்.

நேற்று கிண்ண அரையிறுதி. இது முதற் பிரிவு. இங்கே கூரை ஒழுகாது. என்னை இவர்கள் எடுத்தபோது ஒரு பத்திரிகைக்காரன் "ஐந்தடி ஐந்து அங்குலம், யாரும் கேள்விப்படாத ஆள்" என்று எழுதியிருந்தான். அதை வெட்டி என் அலமாரியில் ஒட்டியிருக்கிறேன்.

ஆட்டம் முடிய ஆறு செக்கன் இருந்தது. ஒரு புள்ளியால் பின்னுக்கு நின்றோம். பந்து என் கையில். நான் எறிவேன் என்று எல்லாருக்கும் தெரியும். மூன்றாம் பகுதியிலிருந்து நான்தான் எறிந்துகொண்டிருந்தேன். இரண்டு பேர் பாய்ந்து வந்தார்கள். ஒருத்தியின் கை என் முகத்தை மறைத்தது. எனக்குக் கூடை தெரியவில்லை. ஆனால் அவர்கள் இரண்டு பேரும் என்னிடம் வந்தால், எங்கேயோ ஒருத்தி தனியாக நிற்கத்தானே வேண்டும்? பார்க்காமலே இடப்பக்கம் எறிந்தேன். அங்கே எங்கள் நெட்டைப் பெண் நின்றாள். போட்டாள். முடிந்தது.

அப்போதுதான் தொடங்கியது. பின்பக்க வரிசையில் மேளம் வைத்திருக்கும் கூட்டம் முதலில். பிறகு எல்லாரும். கிருஷ்-ண-ரா-சா. கிருஷ்-ண-ரா-சா. இத்தாலிக்காரருக்கு அந்தப் பெயர் நாக்கில் நன்றாக உருள்கிறது. நாலாயிரம் பேர், அப்பா. உங்களைக் கராஜில் இருபது வருடமாக 'கிறிஸ்' என்கிறார்கள். இங்கே நாலாயிரம் வெள்ளைக்காரர் ஓர் எழுத்தையும் விழுங்காமல் முழுப் பெயரையும் கத்துகிறார்கள். நான் நடுக்களத்தில் நின்று அழுதேன். முழங்காலில் அடிபட்டதென்று மருத்துவர் ஓடி வந்தார்.

காணொளி இணைப்பு அம்மாவின் போனில் இருக்கிறது. பாருங்கள். ஒரு தரமாவது.

சாருஜா

பி.கு. சட்டை எண்ணை மாற்றிவிட்டேன். இப்போது 86.

*

குட்மேய்ஸ்
6 மார்ச் 2022

சாரு,

பார்த்தேன். அம்மாவின் போனில் அல்ல. உன் ஆட்டங்களை நேரடியாகக் காட்டும் ஒரு தளத்துக்கு இரண்டு வருடமாகச் சந்தா கட்டுகிறேன். அம்மாவுக்குத் தெரியாது.

கராஜ் கன்டீனில் சோஸ் போத்தலில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தேன். லதீசனை உனக்குத் தெரியும், என்னோடு ஓடுகிற டிரைவர், மானிப்பாய்ப் பெடியன். அவன் உன் எண்ணைப் பார்த்துவிட்டு, "அண்ணை, உங்கட பஸ்ஸையும் பிள்ளை முதுகில கட்டிக்கொண்டெல்லே ஓடுது" என்றான். மேசையில் இருந்த எல்லாருக்கும் சிரிப்பு.

நீ எட்டு தரம் பந்து கொடுத்துக் கூடை விழுந்ததாகக் கணக்கில் போட்டிருக்கிறார்கள். நான் எண்ணினேன். நீ பதினொரு தரம் சரியாகக் கொடுத்தாய். மூன்றை அந்த நெட்டைப் பெண் தவறவிட்டாள். அது அவளுடைய பிழை, உன்னுடையது அல்ல. அவளுக்குச் சொல்.

கடைசி ஆறு செக்கனில் நீ செய்தது சரி.

நான் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்த்தேன். சட்டையைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். இன்னும் எடுக்கவில்லை.

அப்பா

*

பொலோனியா
27 மார்ச் 2022

அப்பா,

எடுக்க மாட்டேன்.

நாலாயிரம் பேர் கத்துவதைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கும் மனிதர் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். உங்களுக்கு என்னால் வெட்கமா, உங்களாலேயே வெட்கமா?

சாருஜா

*

இஸ்தான்புல்
19 மே 2024

அப்பா,

இரண்டு வருடமாக நீங்களும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. இப்போது நான் தோற்றுப்போகிறேன், முதலில் எழுதுகிறேன். வேறு எதிலும் இந்த வருடம் தோற்கவில்லை.

துருக்கி லீக்கை வென்றுவிட்டோம். இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரி என்று என்னைத் தெரிவுசெய்தார்கள். கடலைக் கடக்கும் படகுகளில் என் படம் ஒட்டியிருக்கிறது. முகம் அல்ல, முதுகு. உங்கள் பெயர்தான் பெரிதாகத் தெரிகிறது. மீன் விற்கிறவர் என்னிடம் காசு வாங்க மறுக்கிறார்.

லண்டன் ரெய்னர்ஸ் லேனிலிருந்து ஒரு தமிழ்ச் சங்கத் தலைவர் அம்மாவுக்குப் போன் எடுத்தாராம். "எங்கட இனத்துக்கே பெருமை தேடித் தந்த பிள்ளை, ஒரு பொன்னாடை போர்த்த வேணும்" என்றாராம். ஐந்து வருடத்துக்கு முன் இதே மனிதர் ஒரு கலியாணவீட்டில் அம்மாவைப் பார்த்து, "பெட்டைப் பிள்ளையை இப்பிடி அவிழ்த்து விட்டிட்டியள்" என்றவர். அன்று நான் இவர்களுக்கு யாரோ பெற்ற பெட்டை. கிண்ணம் கிடைத்ததும் இனத்தின் பிள்ளை. கைகால் தெரிகிறதென்றவர்கள் இப்போது அதை மூடப் போர்வையோடு வருகிறார்கள். வரமாட்டேன் என்று சொல்லச் சொன்னேன்.

ஆனால் ஒரு விசயத்துக்கு ஓம் சொல்லியிருக்கிறேன். லண்டன் பத்திரிகை ஒன்றிலிருந்து ஒரு பெண் குட்மேய்ஸுக்கு வருகிறாள். சட்டையிலுள்ள பெயருக்குரிய மனிதரைப் பார்க்க வேண்டுமாம். பஸ் ஓட்டும் அப்பாவைப் பற்றி நான்தான் ஒரு மணித்தியாலம் கதைத்தேன். சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? பத்து நிமிடம் போதும், அப்பா. பதில்கூட வேண்டாம். ஒரு படத்துக்கு நில்லுங்கள்.

சாருஜா

*

இஸ்தான்புல்
9 ஜூன் 2024

அப்பா,

பேப்பரில் வந்திருப்பதை அப்படியே தமிழில் எழுதுகிறேன்:

"கதவைத் திறந்தவர் மெலிந்த, கண்ணாடி போட்ட, மிகவும் மரியாதையான மனிதர். கிருஷ்ணராசா வீட்டில் இல்லை, நான் இங்கே வாடகைக்கு இருப்பவன் என்றார். தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார்."

எங்கள் வீட்டில் வாடகைக்கு யாரும் இல்லை.

என் அப்பா என்று சொல்லிக்கொள்ளக்கூட விருப்பமில்லாத மனிதருக்கு நான் இனி எழுத மாட்டேன்.

சாருஜா

*

இஸ்தான்புல்
14 ஓகஸ்ட் 2025

திரு. கிருஷ்ணராசா அவர்களுக்கு,

பிரித்தானியத் தேசிய அணிக்கு என்னைத் தெரிவுசெய்திருக்கிறார்கள். நவம்பரில் ஸ்ட்ராட்ஃபோர்டில் முதல் ஆட்டம். விளையாட்டு விதிப்படி, பதினாறு வயதுக்கு முன் எனக்குக் குடியுரிமை எப்படிக் கிடைத்தது என்று காட்ட வேண்டும். உங்கள் குடியுரிமைச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், லண்டனுக்கு வருமுன் எடுத்த பிரான்ஸ் பத்திரங்கள் ஆகியவற்றின் பிரதிகள் தேவை. ஒக்டோபர் 15க்குள் கிடைக்காவிட்டால் வேறு ஒருத்தியை எடுப்பார்கள்.

நீங்கள் என் ஆட்டத்தைப் பார்க்க வேண்டாம். பிரதி எடுத்து அனுப்பினால் போதும்.

சாருஜா

*

குட்மேய்ஸ்
6 செப்டம்பர் 2025

சாரு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. லதீசன் தலையில் மயிர் நடுவதற்கு இஸ்தான்புல் வருகிறான். லண்டனில் பாதி வழுக்கைகள் அங்கேதான் போகின்றனவாம். அவனிடம் கொடுத்துவிடுகிறேன். வாசிக்க மாட்டான். வாசித்தாலும் சொல்ல மாட்டான், அவனுக்கும் ஒரு கதை இருக்கிறது. நீ வாசித்துவிட்டு இதை இல்லாமல் செய்துவிடு.

வாடகைக்கு இருப்பவன் என்று அந்தப் பெண்ணிடம் நான் பொய் சொல்லவில்லை. இருபத்தேழு வருடமாக இந்தப் பெயருக்குள் வாடகைக்குத்தான் இருக்கிறேன்.

என் பெயர் நாகேந்திரம்.

1996இல் பாரிஸுக்கு வந்து சொந்தப் பெயரில் அகதி மனுப் போட்டேன். ஊரில் இராணுவ முகாமில் நடந்ததைச் சொன்னேன். தழும்பு விழுந்த முதுகைக் காட்டினேன். நம்பவில்லை. இரண்டாம் தரமும் நம்பவில்லை. திருப்பி அனுப்பக் கடிதம் வந்தது. அப்போது பாரிஸில் எங்கள் ஆட்கள் கூடும் லா சப்பலில் ஓர் அறையில் ஏழு பேர் இருந்தோம். அதில் ஒருவனுக்கு அகதி அட்டை கிடைத்திருந்தது. அவனுடைய கதையும் என் கதைதான், அதே முகாம், அதே அடி. அவனை நம்பினார்கள், என்னை நம்பவில்லை. அன்றைக்கு மேசையில் இருந்த அதிகாரி வேறு ஆள், அவ்வளவுதான். அவன் கனடாவுக்கு இன்னொருவனின் பாஸ்போர்ட்டில் போகப்போனான். போகும்போது அட்டையை என்னிடம் தந்தான். வயதும் ஒன்று, மீசையும் ஒன்று. அவர்களுக்கு எங்கள் முகங்கள் எல்லாம் ஒரே முகம். அந்த அலட்சியத்தால்தான் பிழைத்தேன். கிருஷ்ணராசா என்பது அவன் பெயர். இப்போது எங்கே, எந்தப் பெயரில் இருக்கிறானோ தெரியாது.

அந்தப் பெயரில் வேலை செய்தேன், பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்தேன், லண்டன் வந்தேன், இங்கேயும் எடுத்தேன். உன் அம்மாவுக்குத் தெரியும். கலியாணத்துக்கு முதல் நாள் சொன்னேன். "எந்தப் பேரில வந்தாலும் நேரத்துக்கு வாங்கோ" என்றா.

உன்னுடைய பாஸ்போர்ட் என் பொய்யின் மேல் நிற்கிறது என்று நினைத்து நினைத்தே பயந்தேன். யாராவது ஒருவன் பேப்பரைப் பார்த்து, "கிருஷ்ணராசாவை எனக்குத் தெரியும், இவன் இல்லையே அது" என்றால், நான் மட்டும் அல்ல, நீயும் விழுவாய். உன் காற்சட்டை எனக்குப் பிரச்சினையே இல்லை. அதை முதன்முதல் வாங்கித் தந்ததே நான்தான். நாலு பேருக்குப் பயம் என்று எழுதினாய். நாலு பேருக்கு அல்ல, ஒரே ஒருவனுக்கு. எங்கிருந்து வருவான் என்று தெரியாத ஒருவனுக்கு.

பொலோனியாவில் அவர்கள் கத்தியபோது நான் சத்தத்தை அணைத்தேன். லதீசன் திரும்பக் கூட்டிவிட்டான். எழுந்து போய்க் கழிவறையில் நின்றேன். குழாயை முழுக்கத் திறந்துவிட்டேன். சந்தோசத்துக்கும் பயத்துக்கும் மனிதன் ஒரே இடத்துக்குத்தான் ஓடுகிறான். எதற்கு ஓடினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பத்திரங்களை நான் அனுப்பினால் யாரோ ஒருவர் உட்கார்ந்து பார்ப்பார். அனுப்பாவிட்டால் உன் இடம் போகும். பதினைந்து நாளாக இதைத்தான் யோசிக்கிறேன். நீ சொல்.

அப்பா

*

இஸ்தான்புல்
13 செப்டம்பர் 2025

அப்பா,

பயிற்சி அரங்கத்தின் வாசலில் தலை முழுக்கக் கட்டோடு ஒரு மனிதர் நின்றார். காவலர்கள் ஓடி வந்துவிட்டார்கள். "பிள்ளை, நான் லதீசன் மாமா, பயப்பிடாத, இது அடிபட்டதில்லை, முளைக்கப் போட்டது" என்றார். உங்கள் கடிதத்தை உள்சட்டைப் பையில் ஊசி குத்தி வைத்திருந்தார். இந்தப் பதிலையும் அவரிடமே கொடுத்துவிடுகிறேன்.

கடிதத்தை எரித்துவிட்டேன். எரித்த பிறகு ஒவ்வொரு வரியும் மனப்பாடமாக இருக்கிறது.

ஆறு வருடம் நான் பிழையான ஆளோடு சண்டை பிடித்திருக்கிறேன். ஒரு மனிதனிடம் முதுகைக் காட்டச் சொல்லி, பார்த்துவிட்டு, நம்பவில்லை என்று எழுதிக் கொடுத்தவனோடு பிடித்திருக்க வேண்டும். அவன் இப்போது ஓய்வூதியத்தில் எங்கேயோ தோட்டத்தில் தக்காளி வளர்த்துக்கொண்டிருப்பான். நீங்கள் இன்னும் பயந்துகொண்டிருக்கிறீர்கள். நீங்கள் களவெடுத்தது ஒரு பெயர். அவர்கள் உங்களிடம் எடுத்தது எத்தனை என்று யாரும் வழக்குப் போடுவதில்லை.

முடிவு எடுத்துவிட்டேன். பத்திரம் ஒன்றும் அனுப்ப வேண்டாம். முழங்கால் சரியில்லை என்று சொல்லி விலகுகிறேன். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அந்தத் தேசிய அணிச் சட்டை வேண்டும். மூன்று நாட்டில் பேர் எடுத்தும், வளர்ந்த ஊரில் என்னைத் தெரிந்தவர் கொஞ்சம். ஸ்ட்ராட்ஃபோர்டில் ஆட வேண்டும் என்று பதினாறு வயதிலிருந்து ஆசை. ஆனால் அப்பாவைக் கொடுத்து வாங்கும் சட்டை எனக்கு வேண்டாம்.

அடுத்த பருவத்திலிருந்து சாருஜா என்று மட்டும் போடச் சொல்லுகிறேன். நீங்கள் 2019இலேயே கேட்டது. பிந்திவிட்டது, மன்னியுங்கள்.

மாதம் முடியும் வரை அணிக்கு ஒன்றும் எழுத மாட்டேன். அதுவரை அந்தச் சட்டையைக் கனவு காண்கிறேன்.

சாரு

*

குட்மேய்ஸ்
28 செப்டம்பர் 2025

சாரு,

விலகாதே. ஒன்றும் எழுதிவிடாதே. இதை வேகத் தபாலில் போடுகிறேன். முந்தியதைப் போல இந்தக் கடிதத்தையும் வாசித்ததும் எரித்துவிடு.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டு முடிய எழுந்து நின்றா. "ரெண்டு பேரும் ஆறு வருசமா எழுதுறியள், என்னை ஒருத்தரும் கேக்கேல்லையே? நான் என்ன கள்ளப் பேரிலயே வந்தனான்?" என்றா. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பிள்ளையைப் பெத்தது ஆர்? நீங்களோ?" என்றா.

உன் அம்மா செல்வமலர் செல்வமலராகத்தான் பாரிஸுக்கு வந்தவ. சொந்தப் பெயர், சொந்த வழக்கு, முதல் தரமே ஏற்றுக்கொண்டார்கள். நீ பிறக்கும்போது அவ பிரெஞ்சுக் குடி. லண்டனிலும் அவ எனக்கு முதலே எடுத்துவிட்டா. எந்தப் படிவத்திலும் அப்பாவின் பெயர், அப்பாவின் பத்திரம் என்றே நிரப்பிப் பழகியவர்கள் நாங்கள். தாய் என்ற கட்டத்தை ஒருநாளும் திருப்பிப் பார்க்கவில்லை. நீயும் எனக்குத்தான் எழுதினாய், அவவிடம் கேட்கவில்லை. அதில் நீ என் பிள்ளை.

அம்மா என்னை இல்ஃபோர்டுக்குக் கூட்டிக்கொண்டு போனா. தனுஷியா என்று ஒரு சட்டத்தரணி, உன் வயதுதான் இருக்கும். இருபத்தேழு வருடம் ஒருவருக்கும் சொல்லாததை அந்தப் பிள்ளைக்கு இருபது நிமிடத்தில் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அங்கிள், உங்கட மகள் தாயின்ர வழியில முழுக்கச் சரி. உங்களோட ஒரு சம்பந்தமும் இல்லை. தாயின்ர பேப்பர் மட்டும் அனுப்புங்கோ. உங்களை ஒருத்தரும் கேக்கேல்லை, நீங்களும் போய்ச் சொல்ல வேண்டாம்" என்றா. எனக்கு ஆபத்தே இல்லையா என்று கேட்டேன். "இல்லை எண்டு நான் சொல்ல மாட்டன்" என்றா. நேர்மையான பிள்ளை.

ஒரு சட்டத்தரணியிடம் ஒரு கேள்வி. அதைக் கேட்கப் பயந்து உன்னோடு ஆறு வருடம் கதைக்கவில்லை.

அம்மாவின் பத்திரங்கள் இதோடு இருக்கின்றன.

இனிச் சட்டை. பெயரை எடுக்காதே. நாகேந்திரம் என்று என்னைக் கூப்பிட்டவர்களில் இப்போது ஒருவரும் உயிரோடு இல்லை. இந்தப் பெயரில்தான் கோப்பை கழுவினேன், கலியாணம் கட்டினேன், நீ பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கையெழுத்து வைத்தேன், கொரோனாவில் பஸ் ஓட்டினேன். ஒருவன் தந்துவிட்டுப் போன பெயர்தான். ஆனால் அதை வைத்து உழைத்தது நான். அதைக் கேட்டால் ஒரு ஊரே எழுந்து நிற்கும்படி செய்தது நீ. இவ்வளவுக்கும் பிறகு அதை ஏன் திருப்பிக் கொடுக்க வேண்டும்?

அப்பா

*

இஸ்தான்புல்
25 ஒக்டோபர் 2025

அப்பா,

ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். செல்வமலர் என்ற பெயரைப் பார்த்து ஒருவரும் இரண்டாம் கேள்வி கேட்கவில்லை.

நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் மூன்று மணி. டிக்கெட் இரண்டு வைத்திருக்கிறேன். களத்துக்குப் பக்கத்திலேயே இருக்கை. அங்கே கமெரா படும், முதலே சொல்லிவிடுகிறேன். அம்மா வருகிறா. நீங்கள் வராவிட்டால் கோபிக்க மாட்டேன். உண்மையாகத்தான் சொல்லுகிறேன். மற்ற டிக்கெட்டுக்கு லதீசன் மாமா காத்துக்கொண்டிருக்கிறார். மயிர் முளைத்துவிட்டதாம், எங்கேயாவது காட்ட வேண்டுமாம்.

சாரு

*

ஸ்ட்ராட்ஃபோர்ட்
16 நவம்பர் 2025

சாரு,

உங்கள் உடைமாற்றும் அறைக்குள் பெண்களை மட்டும்தான் விடுகிறார்கள். அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன். எழுதக் கடதாசி இல்லை, ஆட்ட நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். நேரில் கண்டால் பந்துக் கணக்கை மட்டும்தான் சொல்லுவேன்.

நாலு புள்ளியால் தோற்றது பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். மூன்றாம் பகுதியில் உன்னை நாலு நிமிடம் வெளியே உட்கார வைத்தது அந்தப் பயிற்சியாளரின் முட்டாள்தனம். அந்த நாலு நிமிடத்தில்தான் ஆட்டம் போனது. கணக்கில் பன்னிரண்டு என்று போட்டிருக்கிறார்கள். நான் எண்ணினேன், பதினாறு தரம் சரியாகக் கொடுத்தாய்.

ஆட்டம் தொடங்கும் வரைக்கும் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுத்தான் இருந்தேன். அம்மா இரண்டு தரம் அதைத் தட்டிவிட்டா. மூன்றாம் தரம் பறித்துத் தன் கைப்பைக்குள் வைத்துவிட்டா.

கடைசிப் பகுதியில் நீ இருவருக்கு நடுவால் புகுந்து, விழுந்துகொண்டே அந்தச் சின்னப் பெண்ணுக்குப் பந்தைக் கொடுத்தாயே, அப்போது அரங்கம் முழுக்கக் கத்தத் தொடங்கியது. நான் இவ்வளவு காலமும் அதைச் சத்தத்தோடு கேட்டதில்லை. முதலில் நெஞ்சில் அடிக்கிறது, பிறகுதான் காதில் விழுகிறது.

எனக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரன், பக்கத்து ஊர் டாகனம்காரனாம், பெரிய வயிறு, கையில் பியர். அவனும் எழுந்து நின்று கத்தினான், பிறகு என்னிடம் குனிந்து, "இது என்ன பெயர் ஐயா, அவளுடைய முதற்பெயரா?" என்று கேட்டான்.

இல்லை என்றேன்.

"அப்ப ஆருடையது?"

"என்ர பேர்" என்று தமிழில் சொல்லிவிட்டேன். அவன் விழித்தான். பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். மெதுவாக, முழுவதும். நான் அவளுடைய அப்பா, அது என்னுடைய பெயர்.

அவன் நம்பவில்லை. பஸ் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினேன். வாழ்க்கையில் யாரும் கேட்காமல் நானாக அட்டையை எடுத்துக் காட்டியது இதுதான் முதல் தரம். எழுத்து எழுத்தாக வாசித்தான். என் முகத்தைப் பார்த்தான், களத்தில் நின்ற உன் முதுகைப் பார்த்தான். பிறகு பியரைக் கீழே வைத்துவிட்டு, என் தோளில் கையைப் போட்டு, பின்னால் திரும்பி முழு வரிசைக்கும் கேட்கக் கத்தினான், "ஆள் இஞ்ச இருக்கிறான், இவன்தான்!" என்ற மாதிரி ஏதோ. அவர்கள் எல்லாரும் இப்போது என்னைப் பார்த்துக் கத்தினார்கள். கமெரா திரும்பியது. பெரிய திரையில் என் முகம் வந்தது.

நான் குனியவில்லை. எழுந்து நின்றேன். அவர்களோடு சேர்ந்து நானும் கத்தினேன்.

அப்பா
கிருஷ்ணராசா